மெற்றில்டாவின் போஞ்சிக் கன்றுகள்

செவன் கிங்ஸ் பகுதியில் கவுன்சில் வாடகைக்குத் தந்த தோட்டத் துண்டுகளில் என்னுடையதற்கு அடுத்தது மெற்றில்டாவுடையது. மன்னாரில் இருந்து புலம்பெயர்ந்து வந்தவர். நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படித்தார். மண்ணுக்கும் நீருக்கும் கேடில்லாமல் பயிர் செய்வது அவருடைய பாடம். இறுதி ஆண்டுப் பரிசோதனையை 1994 வசந்தத்தில் அந்தத் துண்டில்தான் செய்தார்.

பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் அவரை இனப் போஞ்சி இரண்டு வரிசை, நடுவில் வலை. இலைச் சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சி இரண்டிலும் பிடித்திருந்தது. ஒரு வரிசையில் அதைத் தின்னும் பொறிவண்டுகளை விட்டிருந்தார். மற்றதைத் தொடவே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் பார்க்க வருவார். வண்டுகள் குளிரில் செத்துவிடுமோ என்று மெற்றில்டா வகுப்புக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் எட்டிப் பார்ப்பார்.

மே 17, செவ்வாய் பின்னேரம் மெற்றில்டா வந்தபோது இரண்டு வரிசையும் பூச்சியே இல்லாமல் சுத்தமாக இருந்தன. கணவர் யாக்கோப்பு பெற்றோல் நிலைய ஷிப்ட் முடிந்து வந்து, தெளிப்பானுடன் நின்றார்.

“இஞ்சரும், அந்தப் பக்கத்துக் கன்றெல்லாம் சாகப் பாத்துது. புகையிலை ஊறவைச்ச தண்ணி ரெண்டு பக்கமும் அடிச்சனான். ஊரிலை மிளகாய்க்கு அடிக்கிறதுதானே.”

பொறிவண்டுகள் மண்ணில் மல்லாந்து கிடந்தன.

மெற்றில்டா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். “அந்தக் கன்றுகள் சாகட்டும் எண்டுதானப்பா விட்டனான்.”

யாக்கோப்பு யோசித்தார். “வெள்ளிக்கிழமை வாறவரிட்டை மழை கழுவிப்போட்டுதெண்டு சொல்லுமன்.”

“கூடாரத்துக்கை மழை பெய்யுமோ?”

வெள்ளிக்கிழமை மெற்றில்டா நடந்ததை அப்படியே சொன்னார். விரிவுரையாளர் கோபிக்கவில்லை. புதிதாக விதைத்து ஓகஸ்ட் முடிவுக்குள் அறிக்கை தரவேண்டும், தவறினால் பட்டம் அடுத்த வருடந்தான் என்றார்.

விதைகள் முளைத்தன. ஆனால் ஜூன் நடுப்பகுதியிலும் ஓர் அழுக்கணவன்கூட வரவில்லை. பூச்சி இல்லாவிட்டால் பரிசோதனையும் இல்லை. மெற்றில்டா இலைகளைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். ஒருநாள் என் வேலிக்கு வந்தார்.

“அண்ணை, உங்கட அவரையிலை பூச்சி இருக்கோ?”

எனக்கு வெட்கமாக இருந்தது. “ஓம், நிறைய.”

கறுப்பாய் மொய்த்திருந்த நுனிகளை வெட்டிக் கொடுத்தேன். கூட வந்த யாக்கோப்பு அவற்றை இரண்டு கைகளிலும் ஏந்தி மெல்ல நடந்தார்.

“தட்டிக் கொட்டிப்போடாதையுங்கோ” என்றார் மெற்றில்டா.

“கொட்டேல்லை. ஊரிலை இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

போஞ்சிக் கன்றுகளில் அவற்றைச் சாய்த்து வைத்தார்கள். அடுத்தநாள் காலை மெற்றில்டா முழங்காலில் நின்று, உருப்பெருக்கிக் கண்ணாடியை இலையின் அடிப்புறத்தில் பிடித்தார். யாக்கோப்பு உள்ளே போகவில்லை.

“ஏறியிருக்கோ?” என்று வாசலில் நின்று கேட்டார்.

“மூண்டு நிக்குது. பொறுங்கோ, கதவைத் திறக்காதையுங்கோ.”