நின்றுபோன மோட்டாரில் கேட்ட சத்தம்

இன்று காலை சின்னமனூர் பக்கம் ஒரு வாழைத்தோப்பில் என் மானம் போனது.

மோட்டார் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டேன்.

"பேரிங் போச்சுய்யா. கீச்சுன்னு கத்துது, கழட்டணும்."

தோட்டக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, கரண்டு போயி ஒரு நிமிசமாச்சு. மோட்டாரு நின்னுருச்சு."

கத்தியது என் காதுதான். ஒரு வருடமாகவே இந்தக் கச்சேரி உள்ளே நடக்கிறது. தேனி டாக்டர், இதற்கு மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். காது போனால் எனக்குத் தொழிலும் இல்லை.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தேடிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காதுக்குள்ள செத்த செல்லை மறுபடி முளைக்க வைக்க வெளிநாட்டுல மருந்து தேடுறாகப்பா. இரைச்சலும் குறையலாமாம். இப்போதைக்கு எலிக்குத்தான் குடுத்துப் பாக்குறாக."

"என்னையும் ஒரு எலியாச் சேத்துக்கிறச் சொல்லி எழுதிப் போடு ஆத்தா. மனுசனுக்கு எப்ப வருமாம்?"

சிரித்துக்கொண்டே திரைப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். அவள் உதடு தெரியவில்லை. எனக்குக் கீச்சொலி மட்டும்தான் கேட்டது. "அப்படியா, சரி சரி" என்று தலையாட்டி வைத்தேன்.

இந்த மருந்து பற்றி விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.

மகளிடம் வாய்விட்டுக் கேட்காமல் வந்தது இதுதான்: "எத்தனை வருசம்னு சொன்ன ஆத்தா?"