பட்டியலில் மட்டும் இருந்த பன்னிரண்டு பாட்டுகள்

அட்டைப்பெட்டியில் பெயர் எழுத மார்க்கர் பேனாவைத் திறந்தேன், அவ்வளவுதான், அந்த வாசனை என்னை பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா சித்தி வைத்திருந்த, இப்போது மொபைல் ஷோரூம் ஆகிவிட்ட சிடி கடைக்கு இழுத்துப்போய்விட்டது: டிரைவ் சுழலும் உறுமல், வெதுவெதுப்பாக வெளியே வரும் தட்டு, அதன்மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு பெயர் எழுதும் நான்.

கோலார் தங்கவயல்காரர் ஒருவர், இளவயதில் தன் பாடகர் குழு பாடிய கேசட்டை சிடியாக்கக் கொடுத்திருந்தார். கணினியில் இடம் போதவில்லையென்று, ஏற்றிவைத்த பாட்டுகளை சிடியில் எழுதும் முன்பே அழித்துவிட்டேன். சிடி எழுதும் மென்பொருளில் புராஜெக்ட்டைத்தான் சேமித்தாயிற்றே, பாட்டும் அதற்குள் இருக்குமென்று நினைப்பு! அவர் வாங்க வந்த ஞாயிறன்று திறந்தால் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன, பாட்டு ஒன்றுகூட இல்லை.

“அது மளிகை லிஸ்ட்டுடி. அரிசி பருப்பத்தான் நீ கொட்டிட்டியே,” என்றாள் சித்தி.

திட்டு விழுமென்று நினைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். கேசட்டை மறுபடி முழுக்க ஓடவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வீட்டு டேப் ரெக்கார்டர் கெட்டுப்போய் வருஷக்கணக்கில் அதைக் கேட்காதவர், நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேட்க உட்கார்ந்தார்.

“இது நானு, இது செல்வம், சுதி உட்டான் பாரு கழுத!” ஒரு மணி நேரம் சிரித்தார். சிடி கைக்கு வந்தும் எழுந்திருக்கவில்லை.

“வேற எதனா அழிஞ்சிருக்கா, பாரேன் பாப்பா.”