குந்து என்ற சொல்

எங்கள் நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தது அப்பா. வளர்த்தது அத்தை. புருஷன் வீட்டார் வேண்டாமென்று அனுப்பிவிட்ட பிறகு எங்களோடு இருந்த அத்தைக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த நாய் ஒன்றுதான் இருந்தது.

காலையில் எங்கள் தெருவில் நெசவுக்கான பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். நாய் குறுக்கே ஓடி இழை அறுந்தால் சும்மா விடுவார்களா? டைகரைத் துரத்திவிடச் சொன்னார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிவிட்டு, அத்தை அதற்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். வாசல் தெளிக்கும்போது "குந்து". கூழ் ஊற்றும் முன் "குந்து". குழாயடியில் குடம் நிறையும் வரைக்கும் அதே பாடம்தான். தான் மட்டும் சொன்னால் போதாது என்று தெருவில் எல்லாரையும் சொல்ல வைத்தாள்.

"யார் சொன்னாலும் கேக்கணும்மா. அப்பத்தான் இந்தத் தெருவுல வச்சிக்குவாங்க" என்றாள் என்னிடம்.

டைகர் பேருக்குத்தான் புலி. பால்காரர் சொன்னால்கூடப் பின்னங்காலை மடக்கிக் குந்திவிடும். தெருவும் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டு நாய் என்று தெரிய அதன் கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கித் தரும்படி அத்தை அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் நாய் பிடிக்கிறவர்கள் கூண்டு வண்டியோடு வந்தார்கள். தெருநாய்கள் சந்துக்கு ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு ஓடின. டைகரும் ஓடியது. சுருக்குக் கயிற்றோடு துரத்தியவன், வாய்க்கு வந்ததைச் சொல்வதுபோல, "ஏய், குந்து" என்றான். குந்திவிட்டது. கழுத்தில் கயிறு விழும்போதும் வாலை ஆட்டியது. கூழ் வரும் என்று நினைத்திருக்கும், பாவம்.

"வூட்டு நாய்ப்பா அது, வுட்டுடுப்பா" என்று அத்தை வண்டிக்குப் பின்னால் ஓடினாள். அப்பா வாசலில் நின்றபடியே, "தெருவே பாத்துக்கினு இருக்குது. உள்ள போ" என்றார். வண்டி இன்னும் முனை திரும்பவில்லை. அத்தை நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அப்பா மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வா, குந்து. சோறு ஆறுது."

நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதுவரை என்னைத் தொட்டு அடித்தறியாத அத்தை, முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"சொன்னதும் குந்திடுவியாடி நீ?"

சொன்னதைக் கேட்டதற்கு எதற்கு அடி என்று எனக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன்.