ஆட்டுத்தலையும் பிரதமரின் அப்பாவும்

மகன் நாட்டுக்கே பிரதமர், அப்பா ஒண்டிக்கட்டை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அப்போது யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓரின்பாய் வீட்டு வாசலில் இத்தனை கார் நிற்கிறதே, அவருக்கென்ன தனிமை என்பார்கள். வந்தவனெல்லாம் யாரைப் பார்க்க வந்தான்? ஒருத்தனுக்கு மகனைச் சுங்கத்துறையில் நுழைக்க வேண்டும். இன்னொருத்தனுக்கு ஆற்றங்கரையில் நிலம் வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, உங்கள் மகன் யெர்மெக் காதில் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள் பெரியவரே என்று கிளம்பிவிடுவான். உடம்பு எப்படியிருக்கிறது என்று எல்லோரும்தான் கேட்டார்கள், பதிலைக் கேட்க நின்றவன் ஒருத்தனும் இல்லை. மாவட்ட அதிகாரி ஆள் அனுப்பி வேலிக்கு நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். வேலியா அவரோடு உட்கார்ந்து பேசப்போகிறது?

மகன் காதில் வார்த்தை போட முதலில் அந்தக் காது கிடைக்க வேண்டுமே. வசந்தத் திருநாளுக்குத் தலைநகரிலிருந்து போன் வரும். பேசுவது உதவியாளன். பிரதமர் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார் என்பான். "நானும் சொன்னேன்னு சொல்லுப்பா" என்பார் ஓரின்பாய். அவ்வளவுதான். பிறகு தெருவில் போய், பையன்தான் பேசினான், தலைக்கு மேல் வேலை, அப்படியும் அரைமணி நேரம் போனை வைக்க விடவில்லை என்று அளப்பார். பக்கத்து வீட்டு தோக்தாருக்கு உண்மை தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஓரின்பாய் பிறந்தது சிர்தாரியா ஆற்றோரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில். அப்பா போருக்குப் போனவர் போனவர்தான். இவர் பெரியவனாகி, அதே நிலையத்தில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட்டியே காலம் தள்ளினார். பதினைந்து வயதில் ஒரு கல்யாண விருந்தில், யார் வேண்டுமென்றே செய்தார்களோ, வேகவைத்த ஆட்டுத்தலைத் தட்டு இவர் முன்னால் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் அப்பா உயிரோடிருக்கிறவன் அந்தத் தலையில் கத்தி வைக்கமாட்டான். எனக்கு அப்பா இருக்கிறார் என்று சொல்லித் தட்டை மூத்தவர் பக்கம் நகர்த்திவிடுவான். இவரும் நகர்த்தத்தான் பார்த்தார். பக்கத்திலிருந்த கிழவர், "அறு தம்பி, உனக்குத்தான் அப்பா இல்லியே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அன்றைக்கு அறுத்த கறியை இவர் வாயில் வைக்கவில்லை. தனக்கொரு மகன் பிறந்தால் அவன் தலை நரைக்கிறவரை இந்தத் தட்டைத் தள்ளிவிடுகிறவனாக இருக்க வேண்டும் என்று அன்றே வேண்டிக்கொண்டார். ஆளுக்கொரு ஆசை, இவருக்கு இது.

பிறந்தது ஒரே மகன். யெர்மெக் அல்மாத்தியில் ரயில்வே படித்தான். வேலையில் படிப்படியாக ஏறினான் என்று சொல்லக்கூடாது, தாவித் தாவிப் போனான். தாய் ராபிகா இறந்தபோது அவன் துணை அமைச்சர். வந்தான், கையில் இரண்டு போனோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான், போய்விட்டான். பிரதமரான அன்று ஊரார் குதிரை அறுத்து விருந்து வைத்தார்கள். ஓரின்பாய்க்கு மார்பு வெடிக்கிற பெருமை. இல்லையென்று யார் சொன்னது?

அந்தக் குளிர்காலத்தில் டிவியில் ஒரு விருந்தைக் காட்டினார்கள். ஏதோ மாகாணம், நீள மேசை, நடுவில் யெர்மெக். முன்னால் ஆட்டுத்தலை. யெர்மெக் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தான். கன்னத்துக் கறியை அறுத்து இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு கொடுத்தான். ஓரின்பாய் டீக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

மறுநாள் தோக்தார் சும்மா விடுவாரா? "யோவ், உன்னை எப்பய்யா புதைச்சாங்க? எனக்குச் சாவுச்சோறு ஒரு வாய் கூடப் போடலியே" என்றார். தெருவே சிரித்தது. ஓரின்பாயும் சிரித்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு விருந்துக்கு விருந்து மகன் அறுத்துக்கொண்டேதான் இருந்தான். காரியமாக வந்த வெளிமாவட்டத்துக்காரன் ஒருத்தன் வாய்தவறி, பிரதமரின் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றல்லவா நினைத்தோம் என்றான். அவனைக் கோபித்து என்ன பயன்? போன் போட்டு மகனைக் கேட்கலாம்தான். எடுக்கப்போவது உதவியாளன். அவனிடம் இதை எப்படிக் கேட்பது?

ஒருநாள் காலைச் செய்தியில், யெர்மெக்கைப் பதவியிலிருந்து விடுவித்ததாக ஒரே வாக்கியத்தில் வாசித்து முடித்தார்கள். அந்த வாரமே வாசலில் கார்கள் நின்றுபோயின. உதவியாளன்கூடக் கூப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் யெர்மெக் ரயிலில் வந்து இறங்கினான். மனைவி கூட வரவில்லை. எத்தனை நாளைக்கு வந்திருக்கிறான் என்று அவனும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஓரின்பாய் ஆடு அறுத்து, தெரு முழுக்கப் போய் அழைத்துவிட்டு வந்தார். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் டவுனுக்குப் போய்விட்டான், ஒருத்தன் வீட்டில் விளக்கையே ஏற்றவில்லை. விழுந்த மரத்தின் நிழலில் எவன் ஒதுங்குவான்? தோக்தார் மட்டும் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று பேர், ஒரு முழு ஆடு. கறித்தட்டை நடுவில் வைத்துவிட்டு, ஓரின்பாய் தலைத்தட்டைத் தோக்தார் பக்கம் கொண்டுபோனார். போகிற வழியிலேயே யெர்மெக்கின் கை நீண்டு கத்தியை எடுத்துவிட்டது. அவன் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான், கை தானாகப் போனது.

"தம்பி, உங்கப்பன் இங்கதான் உட்கார்ந்திருக்கான்" என்றார் தோக்தார்.

யெர்மெக் கத்தியைக் கீழே வைத்தான்.

"விடுய்யா. கை பழகிப்போச்சு" என்றார் ஓரின்பாய். அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "பழகுறதுக்கு எத்தனை தலை அறுத்தானோ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை நான் செத்தேன்டா."

யெர்மெக் தலையைத் தூக்காமலே சொன்னான். பதவியேற்றதும் வடக்கே நடந்த முதல் விருந்தில் தட்டை முன்னால் வைத்தார்களாம். அவன் தள்ளிவிட்டானாம். மேசையே கப்சிப்பென்று ஆனதாம். மாகாண ஆளுநர் சிரித்துக்கொண்டு, நாட்டையே ஆளுகிறவருக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று சொல்லித் தட்டைத் திரும்ப நகர்த்தினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம்.

"அடுத்த தடவை நான் தள்ளல. அப்புறம் ஞாபகமே வரலப்பா" என்றான்.

தோக்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓரின்பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல் தடவை தள்ளுனியா?"

"தள்ளுனேன்."

"சும்மா தள்ளுனியா, ஏதாச்சும் சொன்னியா?"

"எங்கப்பா உயிரோட இருக்காருன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

கறி ஆறிக்கொண்டிருந்தது. அந்த வயதிலும் ஓரின்பாய்க்குக் காது நன்றாகக் கேட்கும்.

"சரியா விழல, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.