சத்தமே இல்லாத கம்ப்யூட்டர்

மூடிக்காரர் பிடிவாதத்தில் ஒன்றாம் நம்பர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகப் போக அவர்மேல் இரக்கம் வந்து சொல்லாமல் விட்டுவிடத் தோன்றும். பாத்திரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக பிரஸ் மெஷின் முன்னால் நின்று, தகட்டை டமார் டமார் என்று அடித்து மூடி செய்பவர். டப்பா மூடி, குக்கர் மூடி, தூக்கு மூடி என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள், செய்து தருவார். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர்.

வருடத்துக்கு ஒரு முறை தொழிற்சாலையில் காது பரிசோதனை நடக்கும். ஹெட்ஃபோனை மாட்டி உட்கார வைப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பொத்தானை அமுக்குவாள். சத்தம் கேட்டால் இவர் கையைத் தூக்க வேண்டும். தேறாதவர்களை மெஷினை விட்டு எடுத்து கேட்டில் காவலுக்கு நிற்க வைத்துவிடுவார்கள். மூடிக்காரர் சத்தத்தையா கவனித்தார்? அந்தப் பெண்ணின் தோளைக் கவனித்தார். தோள் அசைந்தால் கை மேலே போகும். வருடா வருடம் பாஸ்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரித்தாளா என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மனைவிக்கு இருந்த ஒரே சொத்து அவள் குரல். அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பதுதான் அவள் வேலை. அவள் படிக்கப் படிக்க எதிரில் ஒருவர் அச்சான தாளில் பிழை பார்ப்பார். அச்சகத்தை மூடியதும் அவளும் வீட்டோடு ஆனாள். நான்கு வருடம் அந்தக் குரல் காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாடிக்குக் கத்தவும்தான் பயன்பட்டது. "இப்படியே போனா என் வாய் துருப்பிடிச்சிடும்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் மூடிக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒலிப்புத்தகம் போடுகிற ஒரு ஆபீசில் புத்தகம் படிக்க ஆள் தேடினார்கள். அவள் போய்ப் படித்துக் காட்டினாள். அங்கே இருந்த அம்மாள், "குரல் தங்கம்!" என்று சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்ப வேண்டும். மூன்று மாதிரி வரைக்கும் கேட்போம், பின்னணியில் சத்தம் இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்கள்.

"கம்ப்யூட்டர் சத்தம் போடாம இருக்கணுமாம்" என்றாள் மனைவி தயங்கியபடி.

"அவ்வளவுதானே? ஊர்ல இருக்கிற சத்தமெல்லாம் நான் போட்டதுதான். சத்தத்தைப் பத்தி எனக்கா தெரியாது? கடையில அடுக்கி வெச்சதை வாங்க மாட்டேன். ஒவ்வொரு பாகமா நானே பொறுக்கி, நானே மாட்டித் தரேன்."

இரண்டு மாதம் வேறு நினைப்பே இல்லை. மூடிகளை அடுக்கி அனுப்பும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினார். ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். இது சுற்றுமா, சுற்றாதா? சுற்றுவது எதுவோ, அசைவது எதுவோ, அதுதான் சத்தம் போடும். பிரஸ் மெஷினில் அவர் கற்ற பாடம் அது. ஹார்டு டிஸ்க் சுற்றும், ஆகவே வேண்டாம், எஸ்எஸ்டி போதும். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் அதில் விசிறி இருக்கும். பிராசசரிலேயே படம் காட்டும் வசதி இருப்பதாகப் பார்த்து எடுத்தார். கரண்டு குறைவாக இழுக்கும் பிராசசர், அதன் தலையில் விசிறிக்குப் பதிலாகத் சூட்டை இழுத்து வெளியே தள்ளத் தகடு தகடாக அடுக்கிய செங்கல் அளவு ஹீட்சிங்க். தகட்டை விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார். கடைசியில் எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை. அதிலும் விசிறி இல்லாததாகத் தேடிப் பிடித்தார்.

கடையின் கவுன்ட்டரில் இருந்த பெண் மட்டும் தலையை ஆட்டினாள். "சார், ஃபேன் இல்லாததுல சில பீஸ் உள்ளுக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள் அதிர்ந்து கீச்சுன்னு கத்தும். எல்லாம் இல்ல, ஒண்ணு ரெண்டு. வீட்ல போட்டுக் கேட்டுப் பாருங்க. கத்துச்சுன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க, கையோட மாத்தித் தரேன்."

"சுத்தாதது எப்படிம்மா கத்தும்?" என்று சிரித்துவிட்டு வந்தார். அவள் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. அதைப் போய் ஒரு பேச்சு என்று சொல்வானேன்?

மாட்டிய நாள் வீட்டில் கல்யாணக் களை. கட்டிலில் போர்வையை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினார். திருகுகள் உருண்டுவிடாமல் அவர் அடித்த டப்பா மூடியிலேயே போட்டு, மனைவி ஏந்திக்கொண்டு நின்றாள். முரட்டுக் கை, பிராசசரை மட்டும் பூவைப்போல் எடுத்து வைத்தது. "மூச்சு விடாதே" என்று அவளை அதட்டினார். சுவிட்சைப் போட்டதும் திரை வெளிச்சமானது. மூடிக்காரர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். ஒன்றுமே இல்லை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதனுக்கு.

"கேட்டியா? ஒண்ணுமே கேக்கல பாரு!"

அவள் தலையைச் சாய்த்தாள். "என்னங்க, மெல்லிசா கீச்சுன்னு ஏதோ கேக்குதே?"

"கீச்சா? உன் காதுக்குள்ள எறும்பு பூந்திருக்கும். சுத்துறதுக்கே ஒண்ணும் இல்லாத பெட்டிம்மா இது, சத்தம் எங்கேர்ந்து வரும்?"

அவள் மறுபடி பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமா, எறும்புதான் போல" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

கவுன்ட்டர் பெண் சொன்ன சொல்லுக்காக ஏழு நாளும் வேலை முடிந்து வந்ததும் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். ஏழாம் நாள் பவர் சப்ளை வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்.

முதல் மாதிரி திரும்பி வந்தது. பின்னணியில் மெல்லிய இரைச்சல் என்று எழுதியிருந்தார்கள். மூடிக்காரர் ஃபிரிட்ஜைத் திட்டினார். பதிவு செய்யும் நேரத்தில் அதை அணைத்து வைத்தார்கள். இரண்டாவதும் திரும்பியது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார், ட்யூப்லைட்டை மாற்றினார், ஜன்னல் இடுக்கில் பழைய துணியை அடைத்தார், பக்கத்து வீட்டு மிக்ஸியோடு சண்டைக்கே போய்விட்டு வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு தடவையாவது பதிவைக் கேட்டாரா? கேட்டார். "தெள்ளத் தெளிவா இருக்கு, அவனுங்களுக்குத்தான் காது சரியில்ல" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

மூன்றாவது மாதிரி படித்த அன்று அவர் அரைநாள் முன்னதாக வந்துவிட்டார். அடுப்பங்கரையை விட்டால் இருந்தது ஒரே ஒரு அறை. அதில் கம்ப்யூட்டரை இரண்டு கம்பளியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தலையணையும் வைத்துவிட்டு, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மூடிக்காரர் செருப்போடு பாய்ந்து வந்தார்.

"என்ன காரியம் பண்றே! அது விசிறி இல்லாத மெஷின், மூச்சு முட்டிச் செத்துப் போயிடும்மா!" கம்பளியை உருவி மூலையில் எறிந்தார். "இப்ப படி."

அவள் மூலையில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து படித்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் குரலை இழப்பதில் வருத்தம், வேறொருவரை எடுத்துக்கொண்டோம், நன்றி. அவள் அதை ஒரு தடவை படித்துவிட்டு அரிசி களையப் போனாள். மூடிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு போனார். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாயிற்று, மிச்சம் இது ஒன்றுதான், கடைக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று முடிவு.

கவுன்ட்டர் பெண் பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டாள். போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ சார், என்ன இப்படிக் கத்துது! பவர் சப்ளைதான். அன்னிக்கே சொன்னேனே, ஏன் அந்த வாரமே கொண்டு வரல?"

மூடிக்காரர் குனிந்து காதை வைத்தார். ஒன்றும் இல்லை. மறு காதை வைத்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. அவள் தன்னைக் கேலி செய்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

"ஒருக்கா நிறுத்திட்டுப் போடும்மா" என்றார்.

அவள் அணைத்தாள். சிறிது பொறுத்து மறுபடி கையை நீட்டினாள். அவள் தோள் அசைந்தது.

"ஆங், இப்ப கேக்குது" என்றார் மூடிக்காரர்.

"சார், இன்னும் போடவே இல்ல."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள், அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதால் புரிந்தது.  ஒரு வாரக் கெடு தாண்டியதைப் பார்க்காமல் வேறு பவர் சப்ளை எடுத்து, தானே மாட்டி, தானே காது கொடுத்துக் கேட்டு, "இது அமைதியா இருக்கு சார்" என்று கொடுத்தாள். திட்ட வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் எவ்வளவு சத்தம் தனக்கு வருகிறது, எவ்வளவு வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தார்.

"முதல் நாளே உனக்குத் தெரியுமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. எறும்புன்னீங்க."

"அப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு வாரத்துல மாத்திக் குடுத்திருப்பாங்களே!"

"அது எனக்குத் தெரியாதுங்க, நீங்க சொல்லல. எல்லா மெஷினும் அப்படித்தான் கத்தும்போலன்னு நினைச்சேன்." புடவை நுனியை விரலில் சுற்றினாள். "கீச்சுன்னு கேக்குதுன்னு மறுபடி சொன்னா, உங்களுக்குக் கேக்கலைங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். கண்ணுல தண்ணியோட நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

"எத்தனை நாளா இப்படி?"

"முதுகுக்குப் பின்னாலேர்ந்து கூப்பிட்டு நீங்க திரும்பி மூணு வருஷம் ஆச்சு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிட வாருங்கள் என்பதற்குக்கூட அவள் அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்து எதிரில் நின்றுதான் சொல்வாள். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாசம்தான், வேறென்ன.

தங்கம் என்று அந்த ஆபீஸ் அம்மாள் சொன்ன குரலை இத்தனை வருடத்தில் எவ்வளவு கேட்டிருக்கிறோம் என்று யோசித்தார்.  "எனக்கு அந்த மூணாவதைப் படிச்சுக் காட்டும்மா" என்றார்.

அவள் புத்தகத்தை எடுத்து வழக்கம்போல் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அவள் உதட்டைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும் என்று மூடிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குரல் வந்தது. தூரத்திலிருந்து, பாதி பாதிச் சொல்லாக, தாழ்ந்த இடங்கள் மட்டும் வந்தன. பிடித்துவிடலாம் என்று பிடிவாதமாகக் காத்திருந்தார். மெல்லிய இடம் வந்திருக்கும், இதோ மறுபடி தாழ்ந்து வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கும்மா, நிறுத்தாதே, படி" என்றார்.

கண்ணைத் திறந்தபோது புத்தகம் மூடியபடி அவள் மடியில் கிடந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். எப்போது நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.