ஐந்தாவது பெண்ணுக்கு மணி

மேவிஸ் பீட்ரம் பிறப்பதற்கு முன்பே அவள் அப்பா ரொட்டிக்கடை வாசலில் 'பீட்ரம் அண்ட் மகன்' என்று பலகை மாட்டிவிட்டார். அவசரக்குடுக்கை மனுஷன். பிறந்தது இவள். பலகையை மாற்ற மனசு வராமல் அப்படியே விட்டார். அப்பா போன பிறகு அந்த 'மகன்' வேலையெல்லாம் இவள்தான் பார்த்தாள். "மகன் இருக்காரா?" என்று யாராவது கேலி செய்தால், "இருக்காரு. மாவுக் கையோட வந்து கன்னத்துல ஒண்ணு வைக்கச் சொல்லவா?" என்பாள்.

போர்க்காலத்தில் ஆண்கள் சண்டைக்குப் போனதால், ஆஷ்கோம்ப் கிராமத் தேவாலயத்தின் ஆறு மணிகளை அடிக்க ஆளில்லை. மேவிஸ் போய்க் கயிற்றைப் பிடித்தாள். பிறகு விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண்ணே தோற்றுப்போவாள். அவள் மணி அடிக்கும் சுத்தத்தைப் பார்த்துத்தான் ஹார்ட்ரிஜ் பிரபு ஐந்து ஆண்களுக்கு அவளைத் தலைவியாக்கி, கூண்டுச் சாவியைக் கொடுத்தார். மணிகள் பிரபுவின் முன்னோர் வார்த்துக் கொடுத்தவை. சாவி யாரிடம் இருப்பது என்பது அந்த வீட்டு முடிவு.

பிரபுவின் மாளிகையில் ஆண் பிள்ளை பிறந்தால் மணி முழங்கும். பெண் பிறந்தால் மூச்சுக் காட்டக் கூடாது. பிரபு பட்டம் மகனுக்குத்தான் போகும். மகன் இல்லையென்றால், கென்யாவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போய்விடும். இதென்ன நியாயமோ, போங்கள். ஏற்கெனவே நான்கு முறை கயிற்றைப் பிடித்துக் காத்திருந்து, நான்கு முறையும் கோட்டை மாட்டிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள்.

அந்த மே மாதத்து மதியம் ஐந்தாவது முறை. மாளிகையின் கார் ஓட்டுநர் விக்கின்ஸ் படியேறி வந்தார்.

"பொண்ணுதான். தாயும் பிள்ளையும் சௌக்கியம். டாக்டர், இனிமே வேண்டாம்னுட்டாரு."

"சரி, பட்டம் கப்பலேறிடுச்சு. வாங்க, சாராயக் கடைக்காவது போவோம்" என்று கொல்லர் ஜெத்ரோ கோட்டை எடுத்தார்.

மேவிஸ் நகரவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு உசிரு பொறந்திருக்கு. இழவு வீடாட்டம் எழுந்து போறீங்களே, வெக்கமா இல்ல?"

"அடிச்சா பிரபு சாவியப் பிடுங்கிடுவாரும்மா" என்றார் ஜெத்ரோ.

அது அவளுக்குத் தெரியாதா? சாவி போனால் ஞாயிறுதோறும் அந்தக் கயிறும் போய்விடும். இருந்தும் சின்ன மணியின் கயிற்றை இறுகப் பிடித்தாள். "பழி என்மேல. பாத்துக்கோங்க, இழுக்கறேன்."

ஒரு மணி, இரண்டு மணி. பிறகு ஜெத்ரோவும் முணுமுணுத்துக்கொண்டே தன் கயிற்றைப் பிடித்தார். மற்ற நால்வரும் சேர்ந்துகொள்ள, ஆறு மணியும் ஊரையே தூக்கி நிறுத்தின. தெருவில் ஜன்னல்கள் திறந்தன, நாய்கள் குரைத்தன. மேவிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடித்து முடிப்பதற்குள் பிரபுவே வந்துவிட்டார். வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்க. கயிறுகள் நின்றன.

"யாரு அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. நானாத்தான் அடிச்சேன்." மேவிஸ் சாவியை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்குங்க. ஆனா அடிச்சது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

பிரபு சாவியைத் தொடவில்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோன்னு சொல்லிச் சொல்லி அழுதுக்கிட்டிருந்தா என் பொண்டாட்டி. மணிச் சத்தம் கேட்டதும் ஜன்னலத் திறக்கச் சொல்லிச் சிரிச்சா. அதுல எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, மேவிஸ். நன்றி சொல்லலாம்னு கிளம்பினேன். வாசல்ல மூத்த பொண்ணுங்க நாலு பேரும் வழிய மறிச்சுக்கிட்டு, எங்களுக்கு ஏன் அடிக்கலைன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஜெத்ரோ கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினார்.

மேவிஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"மூத்த பொண்ணு பேர நீங்களே சொல்லுங்க ஐயா."

"ரோசலிண்ட்."

"ரோசலிண்டுக்கு" என்று உரக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்தாள்.