நானூற்றுப் பன்னிரண்டாம் எண் வெள்ளிங்கிரி

போட்டோ கைக்கு வந்ததும் வெள்ளிங்கிரி முதலில் அதன்மேல் ஊதுவார். தூசி இருந்தாலும் ஊதுவார், இல்லாவிட்டாலும் ஊதுவார். ஸ்பின்னிங் கூடத்தில் நூல் சுற்றும் கதிர் கதிராய்ப் பஞ்சை ஊதி அறுந்த நூலை ஒட்டிய வாய் அது; எழுபத்திரண்டு வயதிலும் அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஊதி முடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பின்வரிசை இடது ஓரத்திலிருந்து தொடங்குவார்.

"இவன் பஞ்சு சீவற கார்டிங்குச் சென்னியப்பன். இவன்ற அக்காளைத்தானுங்க இந்தா, நாலு ஆளு தள்ளி நிக்கறானே அங்கண்ணன், அவன் கட்டுனது. சீர்ல ஒரு அண்டா கொறைஞ்சு போச்சுன்னு மாப்பளைக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. அதனாலதான் நடுவுல நாலு ஆள வுட்டு நிக்கறானுக."

"அந்த நாலு பேரு?" என்று கேட்பார் எதிரே பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் சுனந்தா.

"அவனுக சும்மா நிக்கறானுக அம்மிணி. சண்டைன்னா நடுவுல யாராச்சும் நிக்கோணுமில்லீங்க."

சுனந்தா, மில்லைக் கட்டிய பெரிய முதலாளி திருவேங்கடசாமியின் பேத்தி. அறுபதை நெருங்குகிறவர். வீட்டில் தெலுங்கும் மில்லில் தமிழுமாக வளர்ந்தவர். பென்சில் முனை உடைந்தால் மட்டும் தெலுங்கில் வைவார். சென்னம்மாள் மில்லின் ஓட்டம் நின்று பதின்மூன்று வருஷம் ஆயிற்று. கதிர்கள் சுற்றிய இடத்தில் இப்போது பத்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. சங்கு ஊதிய கம்பத்தடியில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். மிச்சமிருப்பது பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றுதான். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்த காகிதமெல்லாம் அதன் உள்ளறையில் அலமாரி அலமாரியாகப் படுத்துக் கிடக்கிறது. கப்பலில் வந்த மெஷின்களின் வரைபடங்கள், நூல் கட்டுகளில் ஒட்டிய மயில் படச் சீட்டுகள், அடிக்கல் நாட்டிய வெள்ளிக் கரண்டி, யார் யாருக்கோ எழுதிய கடிதங்கள். அப்புறம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மில் முற்றத்தில் எடுத்த குரூப் போட்டோக்கள், முப்பத்தெட்டு.

வருகிற தை மாதம் பெரிய முதலாளியின் பிறந்தநாளில் அந்தக் கட்டடத்தைக் காட்சிக்கூடமாகத் திறக்கப் போகிறார்கள். ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே பித்தளைத் தகட்டில் பேர்கள் வெட்டவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பேர் எல்லாருக்கும் தெரியும். நின்றவர்களின் பேர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. "நின்னவங்க பேரு இல்லாட்டி எனக்கு அந்தத் தகடே வேண்டாம்" என்று சுனந்தா ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய தம்பிமார் சிரித்தார்கள். பஞ்சுக் கிடங்கின் பழைய காவலாளிதான் வெள்ளிங்கிரியைக் கைகாட்டிவிட்டார். "அந்தாளு மூஞ்சியைப் பாத்தா நாலு தலைமுறை சொல்லுவாருங்க. கேக்காட்டியும் சொல்லுவாரு."

அது உண்மைதான். யாருடைய காது யாருடைய பாட்டனிடமிருந்து வந்தது, எந்த வீட்டுப் பெண் எந்த ஊர்க் காற்றுக்கு இருமத் தொடங்கினாள், எவன் கல்யாணத்தன்று ஷிஃப்டுக்கு வந்தான் என்பதெல்லாம் அவருக்குள் பிசிறில்லாமல் சுற்றி வைத்திருக்கிறது. இழுத்தால் வரும். சில சமயம் மட்டும் வராது. அப்போது கண்ணை மூடிக்கொள்வார். பதினொரு மணி வெயில் அறைக்குள் ஒரு கம்பம் போலச் சாய்ந்து நிற்கும். அதில் தூசி மிதக்கும். அவர் பார்வைக்கு அது தூசியல்ல, பஞ்சு. அறை நீண்டுகொண்டே போகும். சுவர்கள் கழன்று, இரண்டு பக்கமும் மெஷின்கள் வந்து நின்று, ஆயிரம் கதிர் ஒரே குரலில் முனகும்.

"தூங்கறீங்களாண்ணா?"

"இல்லீங்க. மூணாம் நம்பர் மெஷின்கிட்ட நிக்கறேன். இங்கதான் ராக்கியப்பன் நிப்பான். முதுகக் காட்டிட்டு நிக்கறான், சித்தெ திரும்பட்டும்."

சுனந்தா பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். ராக்கியப்பன் திரும்புவான்.

மெஷின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல் அவருடையது. ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். "இவரு எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டா எதுத்த ஊட்டுக்காரி வந்து சமாதானம் பண்ணுவா" என்பாள் மனைவி ராமாத்தாள். அவளிடம் இன்னொரு வசனமும் உண்டு. "கல்யாணப் பத்திரிகையில போட்டது ஒருத்தரு, தாலி கட்டுனது இன்னொருத்தரு. எனக்கென்ன கொறச்சல்" என்று சொல்லி, மிளகாய் கிள்ளிக்கொண்டே சிரிப்பாள். கேட்டவர்கள் விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடுவார்கள். அது விளையாட்டல்ல.

அந்த மில்லில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன். அதில் ஒரு நம்பர். வாசலில் டோக்கன் வந்தால் ஆள் வந்தாயிற்று. ஒருவன் நோயில் விழுந்தாலோ காடுகரையைப் பார்க்கப் போய்விட்டாலோ, டோக்கன் தம்பியிடமோ அக்காள் மகனிடமோ போகும். அவன் அந்தப் பேரிலேயே உள்ளே நுழைவான். "நூலு அறுகாம இருந்தாச் செரி, எந்தக் கை ஒட்டுனா என்ன" என்று மேஸ்திரிகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மற்றவர்களின் இந்தச் சங்கதியை வெள்ளிங்கிரி கூச்சமே இல்லாமல் அவிழ்த்துவிடுவார்.

"மில்லுப் புத்தகத்துல இவன் பேரு மாரய்யன். ஆளு சின்னான். மாரய்யன் இவனுக்குச் சித்தப்பன் முறை, மூட்டு புடிச்சுப் படுத்துட்டான்."

"அப்ப எந்தப் பேரைப் போடறது?"

"ஆளு பேரைப் போடுங்க அம்மிணி. மூஞ்சி அவனுதுதானே."

இப்படி ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர், இரண்டு போட்டோக்களை மட்டும் தினமும் அடுக்கின் அடியில் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்று அறுபத்தொன்றாம் வருஷத்து ஆயுத பூஜை. மற்றது அறுபத்துநாலு.

வெள்ளிங்கிரி என்பது அவருடைய அண்ணன் பேர். நானூற்றுப் பன்னிரண்டு அண்ணன் நம்பர். அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம், இருபத்தொரு வயதில், மஞ்சள் காமாலை அண்ணனைக் கொண்டுபோயிற்று. அந்த மில்லில் காலை ஷிஃப்டுக்கு வாசலில் பேர் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. அம்மா தினமும் தூக்குப்போசியோடு வந்து, மகன் பேர் கூப்பிடுகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்று, அப்புறம்தான் சோற்றைக் கொடுத்துவிட்டுப் போவாள். காரியம் முடிந்த அன்றைக்கு அவள் அழவில்லை. டோக்கனைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து சின்னவன் கையில் வைத்தாள். "போ. அந்தப் பேரு மில்லு வாசல்ல தெனம் ஒருக்காக் கேட்டுட்டே இருக்கோணும்" என்றாள். அவனுக்குப் பதினேழு வயது. போனான். பேர் கூப்பிட்டார்கள். "இருக்கேனுங்க" என்றான்.

அதிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் அண்ணன் வேலைக்குப் போனான். அண்ணனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள், ஓட்டுச்சீட்டு வந்தது. தொண்ணூற்றுநாலில் சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, அண்ணனை முன்கூட்டியே ரிட்டையர் செய்து அனுப்பினார்கள். தம்பியின் பேரைச் சொல்ல அம்மா ஒருத்திதான் இருந்தாள், அதுவும் அடுப்படிக்குள் மட்டும். எழுபத்தொன்பதில் அவளும் போய்ச் சேர்ந்தாள். ராமாத்தாள் "ஏனுங்" என்று கூப்பிடுகிறவள்.

நேற்று சுனந்தா அந்த இரண்டு போட்டோக்களையும் அடியிலிருந்து உருவி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்குத் தகட்டுக்காரர் வர்றார். எல்லா லிஸ்ட்டும் முடிஞ்சிருச்சு, இது ரெண்டும்தான் பாக்கி. அறுபத்தொண்ணுல, காவலாளி காட்டுன நானூத்திப் பன்னெண்டு மேஸ்திரி தலைக்கு மேல ஒசந்து நிக்கறாரு. அறுபத்துநாலுல அதே மேஸ்திரி, நானூத்திப் பன்னெண்டு அவரு காதுக்குக் கீழ இருக்காரு. மூணு வருசத்துல எப்பிடிண்ணா குட்டையானீங்க?"

"வேலை அப்பிடிங்க" என்றார் வெள்ளிங்கிரி. பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். திரும்பத் திறந்தார்.

சுனந்தா அதட்டவில்லை. அலமாரியிலிருந்து துணி அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பெரிய முதலாளி தினமும் ராத்திரி படுக்குமுன் நாலு வரி எழுதி வைப்பார் என்று வீட்டில் பேச்சு உண்டு. அதில் ஒன்று. தெலுங்கில் இருந்ததை விரல் வைத்துப் பார்த்து மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"நானூத்திப் பன்னெண்டு போயிட்டான். காமாலை. நல்ல கை." இரண்டு தாள் புரட்டினார். "நானூத்திப் பன்னெண்டு வந்திருக்கான். தம்பி போல இருக்கு. கை மெத்துன்னு இருக்கு. தாயார் மரத்தடியில நிக்கறா. நான் ஒண்ணும் கேக்கல."

வெயில் கம்பம் மேஜையை விட்டு நகர்ந்து வெள்ளிங்கிரியின் முழங்காலில் ஏறியிருந்தது. பெரிய முதலாளி தினமும் காலையில் கைத்தடியோடு கூடத்தைச் சுற்றி வருவார். மூன்றாம் நம்பர் மெஷினருகே அவர் வரும்போதெல்லாம் வெள்ளிங்கிரிக்குக் கைவேலை கூடிவிடும். தலையைக் குனிந்து, இல்லாத நூலை ஒட்டிக்கொண்டிருப்பார். இன்றைக்கும் கனவில் அந்தக் கைத்தடி வரும். வந்து பக்கத்தில் நிற்கும். நிற்கிற அந்த நேரத்தில் ஆயிரம் கதிரும் சத்தமில்லாமல் சுற்றும்.

"அப்பத் தெரிஞ்சேதான் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாருங்களா?"

"தெரிஞ்சேதான். ஆனா பாருங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் பேருகூட எழுதலை. இப்பிடி இருபத்தாறு நோட்டு இருக்குண்ணா. அத்தனையும் பாத்துட்டேன். மில்லுல நின்னவங்க எல்லாம் நம்பர்தான். எங்க தாத்தாவை நான் குத்தம் சொல்லலை. நான் அவரு பேத்தி, அந்தச் சோத்தைத் தின்னவ. இந்த ஒரு தகட்டையாச்சும் சரியா வைக்கலாம்னு பாக்கறேன்."

வெள்ளிங்கிரி அறுபத்தொன்றாம் வருஷத்துப் போட்டோவை இழுத்துப் பார்த்தார். பின்வரிசையில், கண் பாதி மூடியபடி, சட்டைப் பொத்தான் ஒன்று போடாமல், இருபது வயது. அண்ணன் இருக்கிற போட்டோ உலகத்திலேயே அது ஒன்றுதான்.

"அம்மிணி, நா என்ற சொந்தப் பேரைச் சொன்னா இவன் செத்துப் போயிருவானுங்க. இத்தன வருசம் உங்க புத்தகத்துல உசுரோட இருக்கறான். தலை நரைச்சுது, சால்வை வாங்குனான். நா ஒரு வார்த்தை சொன்னா மறுக்கா இருபத்தொண்ணுல போயிருவான்."

சுனந்தா பென்சிலை இரண்டு விரலுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே குடியிருப்பில் ஏதோ ஒரு வீட்டுக் குக்கர் விசிலடித்து அடங்கியது.

"மூஞ்சி யாருதோ பேரு அவங்களுதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் கடைசியில். "இங்க நின்னது அவரு. அவரு பேரு அவருக்குக் கீழ இருக்கும். யாரும் எடுக்கப் போறதில்லை. அறுபத்துநாலுக்குக் கீழயும் அதையே போட்டா, இங்க நிக்கற இந்தப் பையனை நான் எங்கண்ணா கொண்டுபோய் வைக்கறது?"

வெள்ளிங்கிரி அந்தப் பையனைப் பார்த்தார். பார்த்து நெடுநாளாயிற்று. எண்ணெய் வழியும் தலை, பெரிய சட்டை, அது அண்ணன் சட்டை. போட்டோக்காரர் ஆடாதே என்று சொன்னதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த மூச்சை இன்னும் விடவில்லை.

"இவன் வெள்ளிங்கிரி" என்று முதல் போட்டோவில் விரல் வைத்தார். பிறகு விரல் மேஜைமேல் நகர்ந்து, இடையில் நின்று, மறுபடி நகர்ந்தது.

"இது ஆறுக்குட்டிங்க."

அவர் குரல் அந்த மேஜையைத் தாண்டவில்லை. சுனந்தா இரண்டாம் முறை கேட்காமல், நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதியதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவருக்குப் படிப்பு. உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு முடித்து, சரியென்று தலையாட்டினார். சுனந்தா லிஸ்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனார். டீ வந்திருந்தது, தட்டில் இரண்டு வர்க்கி.

"ஆறுக்குட்டிண்ணா, வாங்க" என்று அங்கிருந்து கூப்பிட்டார்.

அவர் தூசி மிதக்கிற வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆறுக்குட்டிண்ணா."

அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். பின்னால் திரும்பி அலமாரிகளுக்கு நடுவே பார்த்தார். பிறகு, அந்தப் பேர்க்காரர் உள்ளேயிருந்து வந்தால் போவதற்கு வழி வேண்டுமே என்று, நீட்டியிருந்த காலை மடக்கி நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.